மான்டி பைத்தானை எங்கே தொடங்குவது?

மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் டிவி தொடரில், 1969-இல் வந்த முதல் எபிசோடையே அப்பாவுக்குப் போட்டு, அவர் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார் என்கிறீர்கள். அவர்மேல் தப்பில்லை. வரிசைப்படி பார்க்க வேண்டிய தொடரே இல்லை அது.

முதலில் 1972-இல் வந்த "வாக்குவாத கிளினிக்" என்ற ஸ்கெட்சை, அதாவது குட்டி நகைச்சுவைக் காட்சியை, போடுங்கள். குழுவில் ஒருவரான மைக்கேல் பேலின் காசு கட்டி வாக்குவாதம் வாங்க வருவார், முதலில் தப்பான அறைக்குள் நுழைந்து கிரஹாம் சாப்மனிடம் கண்டபடி திட்டு வாங்குவார், அப்புறம் சரியான அறையில் ஜான் கிளீஸ் அவர் சொல்வதையெல்லாம் "இல்லை" என்று மறுத்துக்கொண்டே இருப்பார். நேரம் முடிந்ததும் மணியை அடித்துவிட்டு, மேற்கொண்டு காசு தந்தால்தான் வாதாடுவேன் என்பார், ஆனால் காசு வந்ததா இல்லையா என்பதிலேயே அடுத்த சண்டை ஆரம்பித்துவிடும். விவாதம் பிடித்த ஆளென்றால் அப்பா இதில் விழுந்துவிடுவார்.

கடையில் வாங்கிய கிளி செத்த கிளி என்று கிளீஸ் கடைக்காரரிடம் சண்டைக்கு வரும் "செத்த கிளி" ஸ்கெட்ச் எல்லோருக்கும் பிடித்ததுதான், எனக்கு அது இரண்டாமிடம். கூண்டில் நிற்கவேண்டும் என்பதற்காகக் கிளியின் காலில் ஆணி அடித்திருக்கிறார்கள் என்று கிளீஸ் சொல்லும் இடத்தைத் தவறவிடாதீர்கள்.

ஆங்கிலம்தான் தடை என்றால் "மீனால் அறையும் நடனம்" ஸ்கெட்ச் போதும். பேலின் குட்டி மீன்களால் தட்டித் தட்டி ஆடுவார், கிளீஸ் பெரிய மீனை எடுத்து ஒரே அறை, ஆள் தண்ணீரில். அரை நிமிஷம்கூட ஆகாது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நிறைய ஸ்கெட்ச்களுக்கு முடிவு கிடையாது. கர்னல் வேஷத்தில் சாப்மன் வந்து "ரொம்பக் கிறுக்குத்தனம், நிறுத்து" என்பார், அவ்வளவுதான்.