கணக்காளர் நேர்காணலுக்கு ஒரு வாரம்: எதைப் படிப்பது, யாரை நம்பக் கூடாது

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. சிறிய நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். பில்களைப் பதிவதும் வங்கிக் கணக்கை ஒப்பிடுவதும்தான் வேலை. இறுதிக் கணக்கு தயாரித்ததில்லை. அடுத்த வாரம் பெரிய நிறுவனம் ஒன்றில் கணக்காளர் பணிக்கு நேர்காணல். பணம் கொடுத்தால் அங்கே கேட்கப்போகும் கேள்விகளையும் ஐந்து ஆண்டு அனுபவச் சான்றிதழையும் வாங்கித் தருவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். எதைப் படிப்பது? அவரை நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. ஒரு காசும் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் படிப்பு.

இந்த ஒரு வாரத்தில் புதிய புத்தகம் எதையும் திறக்காதீர்கள். மூன்று ஆண்டுகளாகச் செய்த வேலையையே திரும்பப் படியுங்கள். வங்கிக் கணக்கை ஒப்பிடுவதை ஏதோ எடுபிடி வேலை போல எழுதியிருக்கிறீர்கள். விவரம் தெரிந்த மேலாளர் அதிலிருந்துதான் கேள்வியைத் தொடங்குவார். வங்கி அறிக்கையும் உங்கள் ஏடும் ஏன் வேறுபடுகின்றன? நீங்கள் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, நீங்கள் செலுத்திய தொகை இன்னும் வரவாகவில்லை என்பவை நாள் கடந்தால் தானாகவே சரியாகும். அவற்றுக்காக ஏட்டைத் திருத்தக் கூடாது. வங்கிக் கட்டணம், வட்டி, பணமில்லாமல் திரும்பிய காசோலை ஆகியவற்றுக்கோ உங்கள் ஏட்டில் பதிவு போட்டே ஆக வேண்டும். இந்த இரண்டையும் தடுமாறாமல் பிரித்துச் சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பல மாதங்களாகத் தேங்கி நிற்கும் காசோலையை என்ன செய்தீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். உண்மையில் செய்ததைச் சொல்லுங்கள். ஆனால் வாடிக்கையாளர் பெயரையோ தொகையையோ சொல்லிவிடாதீர்கள். இன்றைய முதலாளியின் கணக்கை வெளியே பேசுகிறவர் நாளை தங்கள் கணக்கையும் பேசுவார் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள்.

அடுத்தது இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் இரு பக்கமாக எழுதிக் கூட்டும் டிரையல் பேலன்ஸ். அது சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. ஒரு பில்லை அடியோடு பதியாமல் விட்டாலும், இயந்திரம் வாங்கியதைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினாலும், இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் இரு பக்கமும் சமமாகவே நிற்கும். சமமாக வராதபோது எங்கே தேடுவது என்றும் கேட்பார்கள். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தில் பாதியாக உள்ள தொகை ஏட்டில் தென்பட்டால், பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கலாம். மென்பொருள் சமமில்லாத பதிவை ஏற்பதில்லையே என்று இதை ஒதுக்காதீர்கள். எக்செல்லில் இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது இதே கண்தான் வேண்டும்.

இறுதிக் கணக்கு தயாரித்ததில்லை என்ற பயத்துக்கு ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பழகினால் போதும். தேய்மானம், அதாவது சொத்தின் விலையை அதன் பயன்பாட்டுக் காலத்தில் பிரித்து எழுதும் செலவு, 100 கூடுகிறது, வரி விகிதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாபம் 100 குறையும், வரி 25 குறையும், ஆகவே நிகர லாபம் 75 குறையும். தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. ஆகவே பணப்புழக்க அறிக்கையில் அந்த 100ஐத் திரும்பக் கூட்டுவார்கள். கையிருப்பு 25 உயரும். சொத்தை ஒரு பக்கமும் கடன், முதலை மறுபக்கமும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தின் மதிப்பு 100 இறங்குகிறது, ரொக்கம் 25 ஏறுகிறது. மறுபக்கம் தேக்கிவைத்த லாபம் 75 குறைகிறது. மூன்று அறிக்கைகளும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்பதை இந்த ஒன்றிலேயே காட்டிவிடலாம். தாளில் எழுதிப் பாருங்கள், பிறகு தாளைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தேய்மானத்தைத் தொட்டால் நிலத்தைப் பற்றியும் கேட்பார்கள். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. அதன் பயன்பாட்டுக் காலத்துக்கு முடிவில்லை என்பதே காரணம். கல்லூரியில் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் பட்டதாரிகள் இங்கே வழுக்கி விழுகிறார்கள். கல் எடுக்கும் குவாரியும் குப்பை கொட்ட வாங்கிய இடமும் நிலந்தான். ஆனால் கல் தீர்ந்தால், குழி நிரம்பினால் அந்த இடத்தின் பயன் முடிந்துவிடும். ஆகவே அவற்றுக்குத் தேய்மானம் உண்டு. நிலமும் கட்டடமும் ஒரே விலையில் சேர்ந்து வந்தால் தொகையை இரண்டாகப் பிரித்து, கட்டடத்துக்கு மட்டும் தேய்மானம் எழுத வேண்டும். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது என்பதற்காகக் கட்டடத்தின் தேய்மானத்தை நிறுத்த முடியாது. 'நிலத்துக்குக் கிடையாது' என்ற இரண்டு வார்த்தைப் பதிலோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்கிறவரை நான் உடனே கவனிப்பேன்.

கணக்கியல் தரநிலைகளின் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். குத்தகை பற்றிய பன்னாட்டுத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்தபின், 2019 முதல், குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலான குத்தகைகளை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டியிருக்கிறது என்ற அளவு தெரிந்தால் உங்கள் நிலைக்குப் போதும். எக்செல்லில் தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையும், ஒரு பட்டியலிலிருந்து பொருந்தும் விவரத்தைத் தேடி எடுக்கும் வி-லுக்அப்பும் கைக்குப் பழகியிருக்கட்டும்.

இனி அந்த முகவர். வேலை தேடுகிறவரிடம் பணம் கேட்கிறவர் எவராயிருந்தாலும் விலகிவிடுங்கள். நல்ல ஆள் தேர்வு நிறுவனங்கள் தங்கள் கூலியை வேலை கொடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளும். அவர் விற்கும் வினாத்தாளில் என்ன இருந்துவிடப் போகிறது? 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி வெனிஸில் அச்சிட்டு விளக்கிய, ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலும் எழுதும் இரட்டைப் பதிவு முறையிலிருந்துதான் இன்றும் கேட்கிறார்கள். அதைக் காசு கொடுத்து இரகசியமாக வாங்க வேண்டியதில்லை.

போலி அனுபவச் சான்றிதழ் இதைவிடக் கொடியது. பழைய நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, சம்பளச் சீட்டுகளோடு ஓர் ஒப்பீடு, அவ்வளவில் வெளுத்துவிடும். இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தாலும் வேலை போகும். மற்ற வேலைகளுக்கு எப்படியோ, ஆவணத்தைச் சரிபார்ப்பதே தொழிலாக உள்ள ஒருவர் பொய் ஆவணத்தோடு உள்ளே போனால் அதன்பின் அவர் கையெழுத்தை யார் நம்புவார்கள்? உங்கள் மூன்று ஆண்டு உண்மையானது. அதை ஐந்தாக்க வேண்டாம்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள். வீட்டிலிருந்தே 'பணப் பரிமாற்ற அலுவலர்' வேலை, நிறுவனத்தின் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும் என்று ஒரு விளம்பரம் உலவுகிறது. கணக்குப் படித்தவர்களையே அது குறிவைக்கிறது. வருவது பெரும்பாலும் திருட்டுப் பணம். போலீஸ் தேடி வரும்போது வங்கிக் கணக்கில் இருப்பது உங்கள் பெயர். மாதிரித் தேர்வு என்ற பெயரில் ஒரு முழு ஆண்டுக் கணக்கையே கொடுத்து முடித்துத் தரச் சொன்னால், அதுவும் இனாமாக வேலை வாங்கும் தந்திரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் மறுத்துவிடுங்கள்.

இப்படிப்பட்டவர்கள் கொழிப்பதற்கு நிறுவனங்களும் காரணம். தொடக்க நிலைப் பணிக்கே அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தைக் கொடுக்க ஒருவரும் முன்வருவதில்லை. சம்பளத்தைச் சொல்லாமலே நான்கு சுற்று நேர்காணல் நடத்துகிறார்கள். பாடப்புத்தக வரையறையை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, வந்தவருக்கு நடைமுறை தெரியவில்லை என்று குறைப்படுகிறார்கள். பிள்ளைகள் குறுக்குவழி தேடாமல் என்ன செய்வார்கள்?

முடிவில் 'ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா' என்பார்கள். மாதக் கணக்கை எந்தத் தேதிக்குள் முடிக்கிறார்கள், இறுதிக் கணக்கு வேலையில் உங்களுக்கு எப்போது பங்கு கிடைக்கும் என்று இரண்டையும் கேளுங்கள். சம்பளத்தை அவர்கள் இன்னும் சொல்லியிருக்காவிட்டால் மூன்றாவதாக அதையும் கேளுங்கள்.