சுடுதண்ணி ஹீற்றருக்கு டைமர்: கேள்வி பதில்

தொட்டியுள்ள மின்சார ஹீற்றருக்கு டைமர் பூட்டுவது பற்றிக் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகள் இவை. வீட்டு வயரிங்தான் என் தொழில். பதில்களில் டைமரைவிட, கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த்தும், கசிவு கண்டதும் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சும்தான் அடிக்கடி வரும். ஈரக் காலோடு நின்று தொடுகிற சாமான் இது, அதனால் அவற்றை விட்டுவிட்டு டைமரை மட்டும் பேச எனக்கு மனம் வராது.

வெள்ளவத்தை, தொடர்மாடி: சேர், எங்களுடையது 50 லீற்றர், 1.5 கிலோவாட். நாள் முழுக்க ஓனில்தான் கிடக்கிறது. டைமர் போட்டால் பில் குறையுமா? எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

குறையும். ஆனால் எது குறையும் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். கொழும்பில் பைப் தண்ணி 27, 28 பாகையில் வருகிறது. 50 லீற்றரை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.9 யூனிட் வேண்டும். 1.5 கிலோவாட் ஹீற்றருக்கு அது ஒன்றேகால் மணித்தியால வேலை. குளித்துத் தீர்க்கும் தண்ணிக்கான இந்தச் செலவை எந்த டைமராலும் குறைக்க முடியாது.

குறைவது, யாரும் குளிக்காத நேரத்தில் தொட்டியின் சுவர் வழியாக வெளியே போகும் சூடு. ஓரளவு நல்ல தொட்டியை நாள் முழுக்கச் சூட்டிலேயே வைத்திருந்தால் இப்படி அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை போகும். டைமர் அதில் ஏறத்தாழப் பாதியை மிச்சம் பிடிக்கும். மாதத்துக்கு 8 முதல் 15 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பில் படிப்படியாக ஏறுகிற பில், ஆகவே மிச்சமாகும் யூனிட் எல்லாம் விலை கூடிய மேல்படியிலிருந்துதான் கழியும். படி ஒன்று இறங்கினால் நிலையான கட்டணமும் இறங்கும்.

காலை ஆறு மணிக்குக் குளிப்பவர் என்றால் 4.30க்கு ஓன், 6க்கு ஓஃப். மாலைக்கு ஒரு முக்கால் மணித்தியாலம் வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் கூட்டுங்கள்.

கொட்டாஞ்சேனை: கடையில் பிளக்கிலேயே செருகுகிற டைமர் விற்கிறார்கள். 13 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

உங்கள் ஹீற்றர் 1.5 கிலோவாட் என்றால் இழுப்பது ஆறரை ஆம்பியர்தான். நல்ல டைமர், நல்ல சொக்கட் என்றால் தாங்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியரை அப்படியே இழுக்கும். ஒரு மணித்தியாலம் தொடர்ந்து அந்தச் சுமையைச் சுமந்தால் செருகிய இடம் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகும், ஒருநாள் கருகும். பழைய வட்ட முள் சொக்கட்டில் அடப்டர் போட்டு, அதன்மேல் டைமர், அதன்மேல் ஹீற்றர் பிளக் என்று அடுக்குவதை தயவுசெய்து செய்யாதீர்கள். குளியலறைக்கு உள்ளே இந்த டைமர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

தெஹிவளை: ஷவரோடு உள்ள உடனடி ஹீற்றருக்கு டைமர்?

வேண்டாம். அதில் சேர்த்துவைக்கும் தண்ணியே இல்லை, மிச்சம் பிடிக்கவும் ஒன்றுமில்லை.

பம்பலப்பிட்டி: அப்படியென்றால் முறையாகச் செய்வது எப்படி? எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்ல வேண்டும்?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். பிரேக்கர் பெட்டியிலிருந்து ஹீற்றருக்கென்று தனி லைன், 20 ஆம்பியர் பிரேக்கர், 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர். தூரம் கூட என்றாலோ வேறு வயர்களோடு நெருக்கமாகப் போகிறது என்றாலோ 7/0.85. டைமர் அந்தப் பெட்டியிலேயே பிரேக்கருக்குப் பக்கத்தில் உட்காரும். முழுச் சுமையையும் டைமரின் தலையில் கட்ட வேண்டாம். டைமர் ஒரு காண்டாக்டரை, அதாவது பெரிய சுமையைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சை, இயக்கட்டும், காண்டாக்டர் ஹீற்றரை இயக்கட்டும். லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற இரட்டை முனைக் காண்டாக்டர், 25 ஆம்பியர். குளியலறைக்கு வெளியே சிவப்பு லைட் உள்ள இரட்டை முனைச் சுவிட்ச் ஒன்று. எர்த் வயர் மட்டும் எங்கேயும் வெட்டப்படாமல் தொட்டியின் உடம்பு வரை நேரே போக வேண்டும்.

இனி ட்ரிப் சுவிட்ச். சாதாரண வீட்டுக்கு வெளி லைனிலிருந்து வருவது லைவும் நியூட்ரலும். எர்த் நம் வளவில் அடித்த கம்பியிலிருந்து வருகிறது. அந்தக் கம்பியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். லைவ் தொட்டியில் பட்டால் மண்ணுக்குள் ஓடுவது நாலரை ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது. 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான் அதைப் பிடிக்கும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கல்கிசை: கரண்ட் போய் வந்தால் டைமர் குழம்பிவிடாதா?

முள் குத்துகிற சுற்றும் டைமர் குழம்பும், கரண்ட் இல்லாத நேரம் முழுக்க அது நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது அந்த டைமர்கள் எல்லாம் காலையை இரவாக்கிக்கொண்டிருந்தன. 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கக் கரண்ட் போனபோதும் அதே கதை. உள்ளே பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

வத்தளை: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சேர். ஆறிய தண்ணியைத் திரும்பச் சூடாக்கத்தான் கூடக் கரண்ட் போகும். ஓனிலேயே விட்டால் தெர்மோஸ்டாட் வெட்டி வெட்டிக் கொஞ்சம்தான் எடுக்கும்.

நிறையப் பேர் நம்புகிற விஷயம் இது, அதனால் விவரமாகவே சொல்கிறேன். தொட்டி எவ்வளவு சூட்டை இழக்கும் என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 60 பாகையில் நிற்கும் தொட்டி வேகமாக இழக்கும், 45க்கு இறங்கியது மெதுவாக இழக்கும். திரும்பச் சூடாக்கும்போது நீங்கள் கொடுப்பது இழந்த சூட்டைத்தான். ஆறவிட்டால் இழப்பு குறைவு, ஆகவே திரும்பக் கொடுப்பதும் குறைவு.

வத்தளை: என் மச்சான் டைமர் போட்டார், பில் கூடியது.

அந்த மாதம் வீட்டில் வேறு என்ன ஓடியது என்று தெரியாமல் பில்லை வைத்து முடிவு சொல்ல முடியாது.

கொட்டாஞ்சேனை: வத்தளைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஏழு பேர், விடிய முதல் இரவு வரை யாராவது குளிப்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு டைமர் பெரிய மிச்சம் தராது, உண்மை. தொட்டி சும்மா நிற்கும் நேரமே இல்லையே. ஆனால் அதற்காக ஓனில் விடுவது மலிவு என்றாகாது, வித்தியாசம் சிறியது, அவ்வளவுதான். வத்தளை ஐயா, ஒரு இரவு செய்து பாருங்கள். ஹீற்றர் முழுக்கச் சூடானதும் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள், பிரிட்ஜையும் சேர்த்து. மீற்றரைப் படியுங்கள். யாரும் சுடுதண்ணி திறக்காமல் ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் படியுங்கள். ஏறியிருப்பது முழுவதும் யாரும் தொடாத தண்ணிக்குக் கட்டும் காசு. என் வார்த்தையை நம்ப வேண்டாம், உங்கள் மீற்றரை நம்புங்கள்.

வத்தளை: பார்க்கிறேன். ஆனாலும் அடிக்கடி ஓன் ஓஃப் பண்ணினால் கொயில் போகும்.

தெர்மோஸ்டாட் இப்போதும் நாள் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. டைமர் போட்டால் அது குறையும்.

நுகேகொடை: இரவில் ஓட விட்டால் யூனிட் மலிவா?

நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் சேர்ந்திருந்தால் மட்டும். அவர்களுக்கு இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை விலை கூட. சாதாரண மீற்றரில் எந்த நேரமும் ஒரே விலை.

தெமட்டகொடை: இரவுக் கரண்ட் மலிவுதானே, 11 மணிக்கு டைமர் வைக்கலாமா?

நுகேகொடைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இரத்மலானை: தெர்மோஸ்டாட்டை 45இல் வைத்தால் டைமரே வேண்டாமே?

வைக்காதீர்கள். 20 முதல் 45 பாகை வரை லெஜியனெல்லா என்ற கிருமி வளரும் சூடு. ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளோடு நெஞ்சுக்குள் போனால் கடும் நிமோனியா வரும், வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். 60இல் வையுங்கள், குளிக்கும்போது பச்சைத்தண்ணி கலந்துகொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் முதலில் பச்சைத்தண்ணியைத் திறந்து பழக்குங்கள். டைமர் நேரத்தையும் மிகக் குறுக்காதீர்கள். தொட்டி ஒருமுறையாவது 60ஐத் தொட வேண்டும்.

முகத்துவாரம்: தண்ணி வெட்டு நாளில் டைமர் தானாக ஓன் ஆனால் தொட்டி எரியாதா?

நல்ல கேள்வி. சுடுதண்ணி தொட்டியின் மேலிருந்துதான் வெளியேறும், ஆகவே பைப்பில் தண்ணி நின்றாலும் தொட்டி நிறைந்தே இருக்கும். பச்சைத்தண்ணி வரும் வழியில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால் மட்டும் தண்ணி பின்னால் இறங்கிப் போகலாம். அப்போது கொயில் வெறுமையில் எரியும். வால்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீர்வெட்டு அறிவித்தால் சுவிட்சை ஓஃப் பண்ணிவிடுங்கள்.

மொறட்டுவை: போனில் இயக்குகிற வைஃபை சுவிட்ச் போதுமா?

காண்டாக்டரை இயக்க மட்டும். ஹீற்றரை நேரே இழுத்தால் உள்ளே உள்ள சின்ன ரிலே ஒட்டிக்கொண்டு ஓனிலேயே நின்றுவிடலாம்.

வெள்ளவத்தை, வேறொருவர்: பிளக் டைமர் 3 கிலோவாட்டுக்கு?

இல்லை. கொட்டாஞ்சேனைக்குச் சொல்லியாயிற்று.

கிராண்ட்பாஸ்: டைமர் பூட்ட வந்தவர் எங்கள் ஹீற்றரில் எர்த் இல்லை என்றார். ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் பரவாயில்லை என்று பூட்டிவிட்டும் போய்விட்டார். டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது.

அந்த ஹீற்றரை இப்போதே நிறுத்துங்கள். டெஸ்ட் பட்டன் ட்ரிப் சுவிட்சைத்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. எர்த் இருந்தால், கொயிலில் கசிவு தொடங்கியதும் கரண்ட் எர்த் வழியாக ஓடி, யாரும் தொடுமுன் ட்ரிப் விழும். எர்த் இல்லையென்றால் தொட்டியும் தண்ணியும் சத்தமில்லாமல் லைவாகி நிற்கும். ஒருவர் குழாயில் கை வைக்கும் வரை ட்ரிப்புக்கு ஒன்றும் தெரியாது. முதல் கரண்ட் அவர் உடம்பு வழியாகத்தான் ஓடும். ஈரத்தில் நிற்பவரோ இதய நோயுள்ளவரோ என்றால் அந்தக் கணமும் நீளம். என்.வி.கியூ (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள வேறொருவரைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து தொட்டி வரை எர்த் இழுத்து, கம்பியின் தடையை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை அடுப்பில் தண்ணி சுடவைத்துக் குளியுங்கள்.