துக்கம் கேட்கத் தெரிந்தவர்கள் நாம்

வாசகர் கேள்வி–பதில்: மலேசியாவின் பினாங்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தவர் பதில் சொல்கிறார்

ஐயா, விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் மைக்கை நீட்டி ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்கிறார்கள். பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. நீங்களும் அப்படிக் கேட்டதுண்டா?
– வாசகி, ஜெலுத்தோங்

கேட்டிருக்கிறேன் அம்மா. 1988 ஜூலை 31. பட்டர்வொர்த் பெர்ரி துறையில் பயணிகள் நின்ற தளம் இடிந்து 32 பேர் இறந்த நாள். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலயத் திருவிழா, பினாங்குத் தீவில் சீனர்களின் குவான் யின் அம்மன் விழா. இரண்டு கூட்டமும் அந்த ஒரு துறையில் வந்து சேர்ந்தது.

மருத்துவமனை வாசலில், தலையில் கட்டோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு வேலையில் இரண்டாவது வருஷம். ஆங்கிலத்தில் படித்த கேள்வியைத் தமிழாக்கி, “உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?” என்றேன். அவர் என்னையே பார்த்தார், வாய் திறக்கவில்லை. உடன் வந்த கேமரா அண்ணன் கேமராவைத் தரையில் வைத்தார். அந்த அம்மா மடியில் இருந்த புட்டியைப் பார்த்து, “மாதா கோயில் தண்ணியாம்மா? எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?” என்றார். அந்த அம்மா பேச ஆரம்பித்தார். மெழுகுவர்த்தி ஏற்றியது, பெர்ரிக்கு நின்றது, பின்னாலிருந்து நெருக்கியது, தரை காலுக்குக் கீழே இறங்கியது, தங்கச்சியின் கை நழுவியது. “அவளைப் பாத்தீங்களா தம்பி?” என்று எங்களையே கேட்டார். வார்டு வார்டாகத் தேடினோம். தங்கச்சி கால் முறிந்து படுத்திருந்தார். அக்காவிடம் வந்து சொன்ன பிறகுதான், சம்மதம் கேட்டுப் படம் எடுத்தோம்.

துக்க வீட்டுக்குப் போகிற நம் மனிதர் யாராவது ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்பாரா? “எப்ப நடந்துச்சு, கூட யாரு இருந்தா” என்றுதான் கேட்போம். ‘துக்கம் கேட்பது’ என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறோம். அதை விட்டுவிட்டு, நம் வாயில் நிற்காத ஒரு கேள்வியை அந்த நேரத்தில் கேட்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

தைப்பூச நேரடி ஒளிபரப்பில் நீங்கள் கடைப்பிடித்த விதி உண்டா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

தண்ணீர்மலையில் காவடி இறங்கும்வரை அதைச் சுமப்பவரிடம் மைக் போகாது. கூட வரும் அக்காமார், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றும் பிள்ளைகள் இவர்களிடம் பேசலாம்.

அரசியல்வாதிகள் கேள்வியிலிருந்து நழுவும்போது என்ன செய்வீர்கள்?
– வாசகர், பிறை

மூன்று கேள்வியைச் சேர்த்துக் கேட்டால், சுலபமானதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒன்றுதான் கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கு “நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது” என்றார் ஒருவர். “பள்ளியின் கணக்கில் எந்தத் தேதியில் ஏறியது ஐயா?” என்று கேட்டேன். அதே கேள்வியை மூன்று முறை, அதே மரியாதையோடு. தேதி வரவில்லை. மூன்றையும் வெட்டாமல் ஒளிபரப்பினோம்.

ஊடகத்துறை மாணவன் நான். தோட்டத்து மக்களின் பேச்சைத் திருத்தி நல்ல தமிழில் போடலாமா?
– வாசகர், சுங்கை பட்டாணி

கூடாது தம்பி. அதுவும் நல்ல தமிழ்தான். கெடாவில் ஒரு பாட்டி, “விடியறதுக்குள்ள பெரட்டுக்கு நிக்கணும், அப்புறம் கித்தா மரம் வெட்டப் போவோம்” என்றார். எடிட்டிங் அறையில் மூத்தவர் ஒருவர் அவர் குரலை அடக்கி, மேலே ‘வருகைப் பதிவு’, ‘ரப்பர் மரம்’ என்று வாசிக்கச் சொன்னார். மறுத்தேன். பெரட்டு என்பது இருட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. ‘வருகைப் பதிவு’ என்றால் அந்த இருட்டும் இல்லை, கங்காணியின் குரலும் இல்லை. கித்தா, மலாய் ‘கெத்தா’விலிருந்து தோட்டத்து மக்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப ஆக்கிக்கொண்ட சொல். அதை ‘வெட்டுவது’ என்றால் மரத்தைச் சாய்ப்பதல்ல, பால் எடுக்கப் பட்டையைச் சீவுவது. அரை மணி நேரம் வாதாடிய பிறகு பாட்டியின் குரல் அப்படியே போனது. பெரட்டுக்கு மட்டும் திரையின் கீழே ஒரு வரி விளக்கம் போட்டோம்.