கன்று ஈன்ற பசு முட்டினால் யார் பொறுப்பு?

கேள்வி: வயலோர வண்டிப்பாதையில் தினமும் நடக்கப் போவேன். போன வாரம் பாதையோரம் கட்டியிருந்த பசு முட்டித் தள்ளியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அதன் கன்றை செல்போனில் படமெடுக்க நின்றது உண்மைதான். மாட்டுக்காரரோ, "கன்னு போட்ட மாடு முட்டும்னு ஊருக்கே தெரியும், நீங்க ஏன் நின்னீங்க?" என்கிறார். நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். அவர் சொன்ன அந்த வார்த்தையே உங்கள் பக்கம்தான் பேசுகிறது.

புலி, கரடி போன்றவற்றை வளர்ப்பவர், அது யாரைத் தாக்கினாலும் பொறுப்பு. ஆடு, மாடு அப்படியில்லை. அந்த மாடு ஆபத்தானது என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அல்லது அவர் அதை அஜாக்கிரதையாகக் கட்டியிருக்க வேண்டும். இங்கே "முட்டும் என்று தெரியும்" என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தெரிந்தும் ஆள் நடக்கும் பாதையை எட்டும்படி கட்டியது ஏன் என்பதுதான் கேள்வி. அதனால் முளை அடித்த இடம், கயிற்றின் நீளம், அங்கிருந்து பாதைக்கு உள்ள தூரம் மூன்றும் தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள். நாளைக்கே முளை வேறு இடத்துக்குப் போய்விடும்!

அது பொதுப்பாதைதானா என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நிலத்தின் எல்லை காட்டும் வரைபடம்) கேட்டுப் பாருங்கள். பட்டா நிலமாகவே இருந்தாலும், ஊரார் காலங்காலமாக நடக்கும் வழி என்றால் உங்களை அத்துமீறி நுழைந்தவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

படமெடுக்க நின்றதை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். உங்கள் கவனக்குறைவும் சேர்ந்ததாக நீதிமன்றம் கருதினால் தொகை குறையும், அவ்வளவுதான், வழக்கே போய்விடாது. பாதையில் நின்றபடி எடுத்தீர்களா, கன்றைத் தொடப் போனீர்களா என்பதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

போலீஸ் புகாரும் கொடுக்கலாம். தன் பொறுப்பிலுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289-ஆவது பிரிவு. அபராதம் 1,000 ரூபாய்தான். ஆனால் சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் முழுதாகக் கிடைக்க வேண்டுமென்றால் சிவில் வழக்குதான் வழி. ஆஸ்பத்திரியில் "மாடு முட்டியது" என்று எழுதியிருக்கிறார்களா, "கீழே விழுந்தார்" என்றா? விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மாடு செத்தால் உரிமையாளருக்குப் பணம் தருவதற்கு.

உண்மையைச் சொன்னால், நேரே வழக்குப் போடுவதை நான் முதலில் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் இழுக்கும். முதலில் செலவுக் கணக்கோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் பேச வந்தால், வாய்ப்பேச்சாக முடிக்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசத்தைப் பதிவு செய்யுங்கள். அங்கே கட்டணம் இல்லை. அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது. நீங்கள் பெண் என்றால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள்.