பிந்துவது யார்?

வணக்கம்.
தம்பி தந்த ‘ஹை-ஃபை ரஷ்’ என்ற தாள வீடியோ விளையாட்டை ஒரு மாதமாக விளையாடுகிறேன். கார்ட்டூன் மாதிரி இருக்கிற ஒன்று முப்பத்தாறு வயதில் என்னை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்று விளங்கவில்லை. இரவில் அம்மா நித்திரை என்பதால் ரிவியோடு புளூடூத் ஹெட்ஃபோனைப் போட்டுத்தான் விளையாடுவேன். ஒவ்வொரு அடியும் பிந்துகிறது. சின்னனில் மிருதங்க வகுப்பிலும் “உனக்குத் தாளம் நிற்காது” என்றுதான் அனுப்பினார்கள். விட்டுவிடவா? இவ்வளவு நல்ல விளையாட்டைச் செய்தவர்களையே மூடினார்களாமே, அது சரியா?
– ச., வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அதைச் செய்த டாங்கோ கேம்வேர்க்ஸை மூடுவதாக 2024 மே மாதம் மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் கிராஃப்டன் என்ற கொரிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. சரி பிழையைப் பிறகு ஒருநாள் கதைப்போம்.

ஏன் பிடித்திருக்கிறது? மற்றத் தாள விளையாட்டுகளில் பாட்டு ஓடும், நாம் பின்னால் ஓடுவோம், தவறினால் தண்டனை. இதில் நீங்கள் எப்போது அழுத்தினாலும் கதாநாயகன் சாயின் கிற்றார் தாளத்தில்தான் போய் விழும். சரியாக அழுத்தினால் பலம் கூடும், அவ்வளவுதான். மெல்லிய அடிக்கு ஒரு எண்ணிக்கை, பலத்த அடிக்கு இரண்டு. குழாய், இயந்திரம், 808 என்ற பூனை எல்லாம் அதே எண்ணிக்கையில் துடிக்கும். சில அடித்தொடர்களில் நடுவே ஓர் எண்ணிக்கை சும்மா விட்டால்தான் அடுத்தது வரும். ஆதி தாளத்தில் கையை மலர்த்துகிற வீச்சு மாதிரி: சத்தமில்லை, கணக்கு உண்டு. அந்த ஸ்டைலில் மயங்காமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். வயதை விடுங்கள்.

ஆனால் “தாளம் நிற்காது” என்ற வரியை வாசிக்கக் கோபம் வந்தது. உங்கள் மேலும்தான். யாரோ சொன்னதை இவ்வளவு காலம் காவித் திரிகிறீர்கள். செட்டிங்ஸை ஒருதரம் திறந்து பார்க்கவில்லை.

“ஒவ்வொரு அடியும்” என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. ஒன்று முந்தி ஒன்று பிந்திச் சிதறினால் அது கை. எல்லாம் ஒரே அளவில் பிந்தினால் அது கருவி. புளூடூத்தில் சத்தம் 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை பிந்துவது சாதாரணம். ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரித்து, இடையில் அறுபடாமலிருக்கக் கொஞ்சம் சேமித்து வைத்துத்தான் காதுக்குத் தருகிறது. நிமிடத்துக்கு 150 அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 400 மில்லிசெக்கன். 200 பிந்தினால்? நீங்கள் அடி என்று கேட்பது இரண்டு அடிகளுக்குச் சரி நடுவில். எதிரி அடித்துக் காட்டுவதைத் திருப்பித் தடுக்கும் இடங்களில் விளையாட்டு இதை மன்னிக்காது. உங்களுக்குத் தாளம் நிற்பதால்தான், ஐயா, அடி பிந்துகிறது!

புளூடூத்தைக் கழற்றி வயர் ஹெட்ஃபோன் போடுங்கள். ரிவியை ‘கேம் மோட்’டுக்கு மாற்றுங்கள், படத்தை மெருகூட்டும் வேலைகள் நின்று, படம் பிந்துவது குறையும். பிறகு செட்டிங்ஸில் கலிபரேஷன்: சத்தமும் படமும் எவ்வளவு பிந்துகின்றன என்று தட்டிக் காட்டி அளப்பது. சத்தத்துக்குத் தட்டும்போது கண்ணை மூடுங்கள். படத்துக்குத் தட்டும்போது சத்தத்தை முழுதாகக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். படம் ஓர் அளவிலும் சத்தம் இன்னோர் அளவிலும் பிந்தும்போது கை நடுவில் போய் நின்றுகொள்ளும். கிடைக்கிற எண் ஒன்றுக்கும் உதவாது. முதல் நாலைந்து தட்டும் நிலைகொள்ளாமல்தான் விழும். ஆகவே இரண்டு மூன்று தரம் செய்து, எண்கள் கிட்டக்கிட்ட வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகும் அடி சிதறினால் மட்டும் கையைக் குறை சொல்லலாம்.

இருக்கும் இடத்திலிருந்து ரிவி தூரமென்றால் 3 மீற்றர் நீட்டிப்பு வயர் ஒன்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்குங்கள். அம்மா தடக்குப்படாமல் சுவரோரமாகப் போடுங்கள்.