வீட்டை அடமானம் வைக்க வேண்டாம், அவள் பொருளியலே படிக்கட்டும்

ஐயா, பிளஸ் டூ முடித்த மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பொருளியல் படித்து மத்திய-மாநில உறவை ஆராயும் குழுக்களில் வேலை பார்க்கிறேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் பெரியப்பா சொல்லும் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக வீட்டை அடமானம் வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், அதுவும் 'எனக்கு வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைக்காக.

அவள் கற்பனையில் பேசவில்லை. 1969-ல் தமிழக அரசு மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தது. 2025 ஏப்ரலில் அதே வேலைக்கு முன்னாள் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு, அதன் மூவரில் மு. நாகநாதன் பொருளியல் பேராசிரியராக இருந்தவர். இந்தக் குழுக்களால் உத்தரவு போட முடியாது, பரிந்துரைக்கத்தான் முடியும். அதனாலேயே எந்த வரியை யார் வசூலிக்கிறார்கள், அதில் எவ்வளவு மாநிலத்துக்குத் திரும்புகிறது என்ற கணக்கு பிசகக் கூடாது.

யாரும் கவனிக்காத இன்னொன்று மாநில நிதி ஆணையம், மாநில நிதிக்குழு என்றும் சொல்வார்கள். ஊராட்சி, நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73, 74-ஆவது திருத்தங்களுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதை அமைத்தாக வேண்டும். மாநில வரியில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் என்ன பங்கு என்று இதுதான் பரிந்துரைக்கும். தமிழ்நாட்டில் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது இப்படி வந்ததுதான். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் கரண்ட் பில்லையெல்லாம் ஊராட்சிகள் பெரும்பாலும் இந்த மானியத்தில்தான் கட்டுகின்றன.

ஆணையம் அறிக்கை கொடுத்ததும் கலைந்துவிடும், அதை நம்பி மட்டும் படிக்க முடியாது, சரி. ஆனால் பொருளியலில் முதுகலை முடித்தவருக்கு யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு இருக்கிறது (வயது 21 முதல் 30 வரை), சென்னை எம்ஐடிஎஸ் (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்), டெல்லி என்ஐபிஎஃப்பி (தேசிய பொது நிதி, கொள்கை நிறுவனம்) மாதிரி ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியலுக்கு ஆகும் கட்டணம் உங்கள் கடனின் ஒரு மாத வட்டியைத் தாண்டாது. கணக்கையும் புள்ளியியலையும் மட்டும் அவள் விடவே கூடாது, அதில் சமரசம் இல்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அவளை அனுப்புங்கள். வரவு செலவு வாசிப்பார்கள். மாநில நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்டு எழுதி வரட்டும். அந்தக் கணக்கே அவளுக்கு அலுத்துவிட்டால் வேறு வழி யோசிப்போம். அதுவரை பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தை மட்டும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.