கனடாத் தமையனின் குட்டி வீடும் உங்கள் அடகு ரசீதும்

கேள்வி: கிளிநொச்சி முரசுமோட்டையில் அரை ஏக்கர் பெமிற் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது), என் பெயரில். கனடாவில் உள்ள கணவரின் தமையன், லீவில் வந்து நிற்க எங்கள் வளவுக்குள் 320 சதுர அடியில் ரெடிமேட் குட்டி வீடு ஒன்று வைக்கச் சொல்கிறார். விலை 26 லட்சம், பாதி முற்பணம். "இப்ப நீங்கள் கட்டுங்கோ, தை மாதம் அனுப்புறன்" என்கிறார். அத்திவாரம் இல்லாததால் பிரதேச சபை அனுமதி தேவையில்லை என்கிறார் விற்பவர். மிச்ச நகையை 9 லட்சத்துக்கு அடகு வைத்து, 4 லட்சம் குழுக்கடனும் எடுக்கலாமா? ஏற்கெனவே மூன்றரை லட்சத்துக்கு நகை அடகில் இருக்கிறது. வீட்டு வருமானம் மாதம் 85,000.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அந்த மூன்றரை லட்சமும் மாமியின் ஆட்டத்திவசத்துக்கும் மதிலுக்கும் வைத்தது, கனடா அத்தான் பாதிக்காசுதான் அனுப்பினார் என்று. எனக்கு அந்த வரி போதும். அவர் கேட்பதும், நீங்கள் பெட்டியைத் திறப்பதும் பழக்கமாகிவிட்டது. இது மூன்றாம் தடவை.

கணக்கைப் பாருங்கள். அடகு வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்கிறீர்கள். பழைய மூன்றரை லட்சத்துக்கு 5,250, புது 9 லட்சத்துக்கு 13,500. குழுக்கடன் தவணை 17,000. மொத்தம் 35,750. வருமானத்தில் பத்தில் நாலு பங்கு போய்விடும், நகையோ ஒரு பவுண்கூட மீண்டிருக்காது. தையில் காசு வராமல் அடுத்த தை வரை இழுபட்டால் புது அடகின் வட்டி மட்டும் வருடத்துக்கு 1,62,000. காலபோக நெல் விற்ற காசு அதற்குள் கரைந்துவிடும்.

அனுமதி தேவையில்லை என்ற கதையை நம்பவேண்டாம். ஆட்கள் தங்க, மலசலகூடக் குழியும் மின்சாரமும் வைத்து நிறுத்துவது கட்டடம்தான், அடியில் சக்கரம் இருந்தாலும். வரைபடம் கொடுத்துப் பிரதேச சபையின் அனுமதி எடுத்த பிறகுதான் வேலை தொடங்கலாம். கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரம், வாய்க்கால் ஒதுக்குப் பகுதி எல்லாம் பார்ப்பார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசங்களில் வீட்டுக் காணித்துண்டு பொதுவாகக் குறைந்தது 6 பேர்ச் இருக்கவேண்டும். உங்கள் அரை ஏக்கர் 80 பேர்ச், அளவு பிரச்சினை இல்லை. வளவின் ஒரு பக்கம் வயல் என்றால் அதை நிரப்பக் கமநலத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

பெரிய சிக்கல் பெமிற்றில்தான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தந்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது, மாற்றினாலும் செல்லாது. அத்தான் 26 லட்சமும் தந்தாலும் அந்த மூலையை அவருக்கு எழுதிக்கொடுக்க உங்களால் ஏலாது. நாளைக்கு "என்ர வீடு" என்று அவர் பிள்ளைகள் வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? இப்படி முகம் பார்க்காமல் போன சகோதரங்களை நான் கண்டிருக்கிறேன்.

ரெடிமேட் வீட்டில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்று அரசாங்கம் வந்தபோது வெக்கையையும் உறுதியையும் பற்றிக் கேட்டது எங்கள் சனம்தான். மீள்குடியேறித் தகரக் கொட்டிலுக்குள் பகலில் இருக்கமுடியாமல் வேம்பின் கீழ் பாய் போட்டுப் படுத்தவர்கள் நாங்கள். சதுர அடிக்கு 8,125 ரூபா வருகிறது. ஏற்றுக்கூலியும் குழியும் வயரிங்கும் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். ஊர் மேசனிடம் கல்வீட்டுக் கணக்கையும் கேட்டு இரண்டையும் அத்தானுக்கு அனுப்புங்கள்.

அவரோடு கதைக்க வேண்டியவர் உங்கள் கணவர். "அண்ணை, முதலில் பழைய பாக்கியை அனுப்புங்கோ. வீட்டுக்காசு முழுவதும் எங்கட கணக்குக்கு வந்த பிறகு, கண்டாவளைப் பிரதேச செயலகத்திலும் சபையிலும் விசாரித்துப்போட்டுச் சொல்லுறம்" என்றால் போதும். கோபிப்பார், கோபிக்கட்டும். பாக்கி வந்த அன்றே கொண்டுபோய் நகையை மீளுங்கள்.

குழுக்கடன் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அடகு ரசீதுகளை எடுத்துத் தவணை முடியும் திகதியை இன்றைக்கே பாருங்கள். அது தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும்.